மாரடைப்பு என்று எழுதிய சான்றிதழ்

1

இங்கிலாந்துக்கு வந்து போன மாதத்தோடு ஏழு வருஷம் முடிந்தது. பாயசம் ஒன்றும் வைக்கவில்லை. ஆறு மணிக்கு எழுந்து, வாசலில் உறைந்து நின்ற பால் புட்டிகளை உள்ளே எடுத்து வைத்து, பெண்ணுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பி, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பளி மில்கள் நிறைந்த வடக்கத்தி ஊர் இது. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நான் டாக்டர். கை நசுங்கினவர்கள், குடித்துவிட்டு விழுந்தவர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தில்தான் விழிக்க வேண்டும். சிலருக்கு அது பிடிக்காது. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, டாக்டர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள். வந்தாச்சு, உட்காருங்கள் என்பேன்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பினால், கதவுக்கு உள்பக்கம் தரையில் ஒரு நீல ஏர்மெயில் கடிதம் கிடந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்துவிடுவேன். இதையும் அப்படித்தான் படித்தேன். படித்து முடித்ததும் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுதியிருந்தவள் ஸ்ரீரங்கத்துப் பெண். கோதை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பில் வரும் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். பொன்மலையில் இருக்கும் என் அண்ணனைத் தேடிப் பிடித்து விலாசம் வாங்கியிருக்கிறாள். கடிதம் சின்னதுதான்.

“நான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் புக்கிங் கிளார்க் வரதனின் பெண். இப்போது மெடிக்கல் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். போன வாரம் வார்டில் புரொபசர் ஒரு நோயாளியின் வீங்கின காலைக் காட்டினார். இதை யாரும் அமுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ரத்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றார். அப்பாவுக்குக் கடைசி நாள் சாயங்காலம் காலை அமுக்கிவிட்டது நான்தான். அதிலிருந்து யார் காலையும் என்னால் தொட முடியவில்லை, கை நடுங்குகிறது. படிப்பை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. அப்பா மாரடைப்பில்தானே போனார்? சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. அப்போது அந்த வார்டில் இருந்தது நீங்கள்தான். உண்மையை எழுதுங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.”

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று மூன்று வாரம் தவித்தேன். அந்த மூன்று வாரக் கதைதான் இது. பனி, புகைபோக்கி, ராணி இருக்கும் லண்டன் மாளிகை என்று எதிர்பார்த்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

2

முதலில் இந்த வியாதியைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஆனவர்களுக்கும், பிள்ளை பெற்றவர்களுக்கும், நாள் கணக்காகப் படுத்தே கிடக்கிறவர்களுக்கும் காலில் உள்ள பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். அது ஒருநாள் கழன்று, ரத்த ஓட்டத்தோடு மேலே ஏறி, இதயத்தைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகிற குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். சின்னக் கட்டியானால் விலாவில் குத்தும், மூச்சு வாங்கும். பெரிய கட்டியானால் பேச்சே இல்லை.

கண்டுபிடிப்பதுதான் பாடு. நிமோனியா மாதிரி வரும், மாரடைப்பு மாதிரி வரும், வெறும் பயத்தில் படபடப்பது மாதிரியும் வரும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். ஈ.சி.ஜி. ஏதோ சொல்லவரும், முழுசாகச் சொல்லாது. படமும் சுத்தம், மூச்சும் வாங்குகிறது என்றால்தான் டாக்டர் உஷாராக வேண்டும்.

கோதையின் கடிதம் வந்த அதே வாரம் ஒரு மில் தொழிலாளிப் பெண் வந்தாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய் நாலு நாள். விலாவில் குத்துகிறது என்றாள். சின்ன டாக்டர் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்பு என்று எழுதி மாத்திரையும் எழுதிவிட்டார். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகும்போது கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். எனக்கு அந்த நிற்றல் பிடிக்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தேன். மூச்சு வாங்குகிறதா என்று இங்கிலீஷில் கேட்கப் போய், அவசரத்தில் தமிழை அப்படியே திருப்பி, மூச்சைக் கடையில் விலைக்கு வாங்குகிறாயா என்கிற மாதிரி கேட்டுத் தொலைத்தேன். ஏழு வருஷமாகியும் பதற்றம் வந்தால் நாக்கு ஊருக்கு ஓடிவிடுகிறது. அந்த நிலையிலும் அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமினாள். கைக்குட்டையில் ரத்தம்.

என் கோட்டுப் பையில் தையற்காரர்களின் இன்ச் டேப் எப்போதும் இருக்கும். காலுறையைக் கழற்றச் சொல்லி, இரண்டு காலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்தேன். இடது கெண்டைக்கால் ஒன்றரை அங்குலம் கூட. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் ஊசி போட்டு அட்மிட் செய்தோம். இப்போது வார்டில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். எப்படி டாக்டர் பிடித்தீர்கள் என்று சின்ன டாக்டர் வியந்துபோய்க் கேட்டார். காலைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். காலைப் பார்க்க எங்கே கற்றுக்கொண்டேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

3

திருச்சியில் கற்றுக்கொண்டேன். ஐம்பத்தேழாம் வருஷம்.

சென்னையில் படிப்பை முடித்துவிட்டு, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்திருந்தேன். பொன்மலையிலிருந்து காலையில் பஸ். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஒர்க்ஷாப் சங்கு ஊதும்போது அப்பா ஒரு பக்கம் சைக்கிளில் போவார், நான் ஒரு பக்கம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். எங்கள் தெருவில் முதல் டாக்டர் நான். பஸ் கண்டக்டர்கூட, டாக்டரம்மாவுக்கு இடம் விடுங்க என்பார். இங்கே பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் கடைசியில்தான் நிரம்பும்.

ஆண்கள் சர்ஜரி வார்டு மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை. ஃபினாயில் வாசனையும், பதினொரு மணிக்கு மேல் அடுக்குப் பாத்திரங்களில் வந்து இறங்கும் சாம்பார் வாசனையும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அது எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. காவேரியில் புதுத்தண்ணீர் வந்திருந்த சமயம். பாலத்தைத் தாண்டி வந்த ஒவ்வொருவரும் நோயாளியின் நலம் விசாரிப்பதற்கு முன்னால், தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

ஏழாம் நம்பர் கட்டில் வரதன். நாற்பத்திரண்டு வயசு. ஹெர்னியா ஆபரேஷன். வேடிக்கையான மனுஷர். “டாக்டர், ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுக்கறவன் நான், எனக்கு எப்போ டிக்கெட் குடுக்கப் போறேள்?” என்று தினமும் கேட்பார். அவர் மனைவி அலமேலு, மூன்றாவது வார்த்தைக்குப் பெருமாளை இழுப்பவர். ஒரே பெண் கோதை, ஒன்பது வயசு. ஸ்கூல் விட்டதும் பாவாடையில் மசிக் கறையோடு ஓடி வந்துவிடுவாள். என் ஸ்டெதஸ்கோப்பை வாங்கி அப்பா வயிற்றில் வைத்து, உள்ளே ரயில் ஓடுகிறது என்பாள். வார்டே சிரிக்கும்.

எங்கள் பெரிய டாக்டர் பழைய காலத்து ஆள். படுத்திருந்தால்தான் தையல் சேரும் என்பது அவர் சட்டம். நோயாளி கட்டிலை விட்டு இறங்கினால் எங்களுக்குத் திட்டு விழும். இங்கேயானால் ஆபரேஷன் ஆன மறுநாளே கையைப் பிடித்து நடக்க வைத்துவிடுகிறார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்து, என்ன கல்நெஞ்சு ஜனங்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது.

எட்டாம் நாள் சனிக்கிழமை, வரதனுக்குத் தையல் பிரித்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று நானே போய்ச் சொன்னேன். அலமேலு மாமிக்கு முகம் மாறிவிட்டது.

“ஞாயித்துக்கிழமை அஷ்டமி, மறுநாள் நவமி. செவ்வாய்க்கிழமை ஆத்துக்கு அழைச்சிண்டு போகப்படாது. புதன்கிழமை எமகண்டம் கழிஞ்சு, ஒம்பது மணிக்கு மேல போறோமே, டாக்டர்” என்றார்.

இதில் சிரிக்க எனக்கு யோக்யதை இல்லை. என் அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பாள். பெரிய டாக்டரே நல்ல நாள் பார்த்துத்தான் கத்தியை எடுப்பார். சரி மாமி, அவசரமில்லை என்றேன். அப்படியாக, ஒரு குறையும் இல்லாத மனுஷர் மேலும் நாலு இரவு அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். இறங்கி நடக்கட்டும் என்று மாமியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்ததை இப்போது எழுத வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

4

புதன்கிழமை காலை ஒன்பது மணி. கீழே குதிரை வண்டி வந்து நின்றுவிட்டது. கோதை வண்டியில் மூட்டை முடிச்சுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். வரதன் சலவை வேட்டி கட்டி, திருமண் இட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினார். நாலு அடி வைத்திருப்பார். ஒரு நிமிஷம் என்று சொல்லிப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. வேர்த்துக் கொட்டியது. “மூச்சு விட முடியலை” என்றார். அவர் பேசியது அதுதான் கடைசி.

நான் ஆக்ஸிஜன் வைத்தேன். இதயத்தைத் தூண்டிவிட கோரமின் ஊசி போட்டேன். பெரிய டாக்டர் ஓடி வந்தார். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. மாரடைப்பு என்றார். அங்கேயே நின்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வார்டு ஆள் ஒருவர் வந்து கட்டுத்துணியைக் கிழித்து, வரதனின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினார். நம் ஊரில் எல்லாருக்கும் செய்வதுதான், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த இரண்டு கால்களும் ஒன்றையொன்று ஒட்டி, திறந்து கிடந்தன. இடது கால் வலது காலைவிடப் பருமன். யார் பார்த்தாலும் தெரியும். கெண்டைக்காலில் தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது.

காலேஜில் எப்போதோ ஒரு மத்தியானத் தூக்கத்தில் கேட்ட பாடம் முழுசாக அப்போது ஞாபகம் வந்தது. பெரிய டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேட்டியை இழுத்து மூடினார்.

“எழுதியாச்சும்மா. இனிமே அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? அந்தக் குடும்பத்தைப் போட்டுக் குழப்பாதே” என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எனக்கும் அந்த வார்த்தை சௌகரியமாக இருந்தது, பிடித்துக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் ஆனபிறகு, அலமேலு மாமி யாரோ ஒருவர் மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார், அந்தப் பொண் டாக்டர் எங்காத்துக்காரருக்காக எத்தனை பாடுபட்டா என்று. அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

5

இந்த நாட்டில் இறப்புச் சான்றிதழில் காரணம் எழுத மூன்று வரி இருக்கிறது. முதல் வரியில் எதனால் இறந்தார். இரண்டாவதில், அது எதனால் வந்தது. மூன்றாவதில், அதுவும் எதனால். நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று போனால் நம்மைக் கையெழுத்தே போட விடமாட்டார்கள். அதற்கென்று இருக்கும் அதிகாரிக்குச் சொல்லி, உடலைத் திறந்து பார்த்த பிறகுதான் காகிதம். இந்த ஊரின் காகிதங்களைத் திட்டாத நாள் கிடையாது எனக்கு. விசாவுக்கு ஒன்று, இன்ஷூரன்ஸுக்கு ஒன்று, பெண்ணின் ஸ்கூல் பாலுக்கு ஒன்று. ஆனால் அந்த மூன்று வரியை மட்டும் நான் திட்டுவதில்லை. ஒவ்வொரு தடவை பூர்த்தி செய்யும்போதும் வரதனுக்கு மனசுக்குள் எழுதிப் பார்ப்பேன். முதல் வரி எழுதுவேன், இரண்டாவது எழுதுவேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடும்.

என் கணவர் இங்கே மில்லில் இன்ஜினீயர். உப்பிலியபுரத்துக்காரர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. கடிதத்தைப் படித்துவிட்டு, “மாரடைப்புன்னே எழுதிடு. ஒரு பொண்ணு படிச்சு முன்னுக்கு வரட்டும், புண்ணியமாப் போகும்” என்றார். அன்றே அப்படி ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் விட்டேன். அழகான கடிதம். மாரடைப்புதான், நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, நன்றாகப் படி. மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். தினமும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப். போடவில்லை.

ஏனென்றால் அவள் டாக்டராகப் போகிறவள். இன்றைக்கு நம்பிவிடுவாள். இன்னும் இரண்டு வருஷத்தில், பன்னிரண்டு நாள் படுத்திருந்து, கெண்டைக்கால் வலித்து, இறங்கி நடந்தவுடன் மூச்சுத் திணறிப் போனவருக்கு என்ன வியாதி என்று பரீட்சையில் கேட்பார்கள். எழுதி மார்க்கும் வாங்குவாள். அப்புறம் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அவள் கடிதம் ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. என் ஆறு வயசுப் பெண் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறதே, என்ன இது என்று இங்கிலீஷில் கேட்டாள். தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். எழுத்து சுத்தமாகத் தெரியாது. ஓர் அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன். என்ன எழுதியிருக்கிறாள் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவளுக்கும் ஒருநாள் ஒன்பது வயசாகும். செய்யாத தப்பைச் செய்ததாக இவள் நினைத்துத் தவித்துக்கொண்டிருந்தால், உண்மை தெரிந்தவள் எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்து அழகாகக் கடிதம் எழுதினால், அவளை நான் சும்மா விடுவேனா?

அன்று ராத்திரி பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக உட்கார்ந்தேன்.

6

இது நான் அனுப்பியது. பெயரைத் தவிர ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

“கோதை, உன் அப்பா மாரடைப்பில் போகவில்லை. நீ நினைத்ததுதான் சரி. இடது காலில் ரத்தம் உறைந்திருந்தது. அவர் போன பிறகு இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தபோது நான் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வார்டைச் சுற்றி வந்தேன். உன் அப்பா, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நான் போர்வையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எனக்கு இருபத்தைந்து வயசு, கல்யாணம் ஆகவில்லை. அவர் ஆசாரமானவர். நான் கிட்டே போனதும் போர்வையை இழுத்துப் பாதம்வரை மூடிக்கொண்டார். அவருக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது.

நீ கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாய். ‘நான் அமுக்கி விடட்டுமா, டாக்டர்?’ என்று கேட்டாய். கேட்டாய், கோதை. நீயாகச் செய்யவில்லை. என்னைக் கேட்டாய். நான் உன் கன்னத்தைத் தட்டி, ‘நல்லா அமுக்கி விடும்மா. படுத்தே கிடந்தா அப்படித்தான் வலிக்கும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

அமுக்கியதில் கழன்றதா, மறுநாள் நடந்ததில் கழன்றதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நடந்ததில்தான் என்று நான் நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாகத் தெரியாது. அன்றைக்கே கண்டுபிடித்திருந்தாலும் பிழைத்திருப்பாரா என்றும் தெரியாது. பார்க்க வேண்டியவள் நான், பார்க்காமல் உத்தரவு போட்டவள் நான் என்பது மட்டும் நிச்சயம். நீ டாக்டர் சொன்னபடி செய்த குழந்தை. இதை அன்றைக்கே உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டு சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. படிப்பை விடாதே.”

7

பதில் வர இருபது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் தபால்காரர் பூட்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன்.

“டாக்டர், நான் உங்களைக் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை. அப்பா காலும் என் கையும்தான் ஞாபகம் இருந்தது. உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. அன்றைக்குப் பார்க்காததற்குக்கூட இல்லை, பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கு. இந்தக் கோபம் எப்போது போகும் என்று தெரியவில்லை, போகுமா என்றும் தெரியவில்லை. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் எழுத வேண்டாம். நேற்று வார்டில் புரொபசர் ஒருவரின் காலைப் பரிசோதிக்கச் சொன்னார். போர்வையை விலக்கி இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தேன். கை நடுங்கவில்லை.”

கடிதத்தைக் கணவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இப்படிக் கோபமாக எழுதியிருக்கிறாளே, உனக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டார்.

வருத்தம்தான். ஆனால் இத்தனை நாள் அந்தப் பெண் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் என்மேல் படட்டும். ஆயுசு முழுக்கப் படட்டும்.